ஒரு கோல் வித்தியாசம்

2025 டிசம்பர் 7ந் தேதி சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி அரையிறுதி ஆட்டம் நடந்தது. நமது வாலிபர் அணி ஜெர்மனியிடம் 1-5 என்ற கணக்கில் தோற்றது. மறுநாள் காலை கழுகுமலையில் ஒரு டீக்கடைக்குப் போயிருந்தோம். வழக்கமாக அந்த நேரத்தில் அங்கே காது கொடுக்க முடியாது. அன்று சத்தமே இல்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற வாலிபர்கள் நாலைந்து பேர் டீயை ஆறவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நம்மோடு வந்த விவசாயத் தோழர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"படைப்புழு விழுந்து மக்காச்சோளம் காடு காடாகப் போனபோது இந்தப் பயல்கள் முகத்தில் இந்தத் துக்கத்தைப் பார்த்தோமா? எவனோ எங்கேயோ பந்தடித்துத் தோற்றால் இவனுக்கு ஏன் சோறு இறங்கவில்லை? மக்களை மயக்கி வைப்பது என்று நாம் சொல்கிறோமே, அது இதுதானே?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைப் பல தோழர்கள் மனதுக்குள் வைத்திருக்கிறார்கள். இவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். இதில் நாம் அவரோடு ஒத்துப்போகவில்லை. ஏன் ஒத்துப்போகவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஒரு திருத்தம். 'எவனோ எங்கேயோ' என்று தோழர் சொன்னது தவறு. கழுகுமலையிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் கோவில்பட்டி. பருத்தி மில்லும், தீப்பெட்டி ஆபீசும், கடலைமிட்டாயும் எப்படி அந்த ஊருக்குரியவையோ அப்படி ஹாக்கியும் அந்த ஊருக்குரியது. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் பையன்கள் கையில் கிரிக்கெட் மட்டை இருக்கும். இங்கே வளைந்த கம்பு இருக்கும். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டிக்கு வடக்கேயிருந்து ரயில்வே அணிகளும் ராணுவ அணிகளும் வந்து ஆடுவதை நமது ஜனங்கள் பார்த்துப் பழகியவர்கள். பெனால்டி கார்னர் எடுக்கும்போது எந்த ஆள் எங்கே நிற்க வேண்டும் என்று பண்டல் கட்டுகிற தொழிலாளி சொல்வார். நாம் ஆடியவர்களல்ல. பள்ளிக்கூட நாளில் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போட்டதோடு சரி. ஆனாலும் அந்த மண்ணில் வளர்ந்தவனுக்கு அந்தத் துக்கம் புரியாமல் போகாது.

அன்று டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் ஜெர்மனியைப் பற்றிப் பேசவே இல்லை. "இதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அஞ்சு கோலு வாங்கித் தோத்தா மனசு ஆறிரும். அந்த ஜகார்த்தா ஆட்டந்தான் இன்னும் ஆற மாட்டேங்குது" என்றார். மூன்றரை வருஷத்துக்கு முந்திய ஆட்டம் அது! அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று நமக்குத் தோன்றியது.

2022 மே மாதம் இந்தோனேஷியாவில் ஆசியக் கோப்பை நடந்தது. பெரிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பிரேந்திர லாக்ரா தலைமையில் பெரும்பாலும் புதிய வாலிபர்களைக் கொண்ட அணியை இந்தியா அனுப்பியது. அதில் இரண்டு தமிழ் வாலிபர்கள் இருந்தார்கள். ஒருவர் அரியலூர் கார்த்தி. இன்னொருவர் நம் கோவில்பட்டி மாரீஸ்வரன். இருவருமே கோவில்பட்டியில் சர்க்கார் நடத்துகிற விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்றவர்கள். அதே மே மாதத்தில்தான் கோவில்பட்டியில் ஜூனியர் ஆண்கள் தேசியப் போட்டியும் நடந்தது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வந்த அணிகள் இங்கே ஆடிக்கொண்டிருக்க, இங்கே வளர்ந்த பையன் ஜகார்த்தாவில் ஆடிக்கொண்டிருந்தான். ஊர் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்!

முதல் ஆட்டம் பாகிஸ்தானோடு. கார்த்தி கோல் அடித்தார். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் பாகிஸ்தான் பதில் கோல் அடித்து 1-1 ஆக்கியது. அடுத்து ஜப்பானிடம் 2-5 என்று தோற்றோம். கடைசியாக இந்தோனேஷியாவைக் குறைந்தது 15 கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் அடுத்த சுற்று என்ற நிலை. மே 26ந் தேதி 16-0 என்று ஜெயித்தார்கள்.

அடுத்த சுற்றில் நான்கு அணிகள். முதல் இரண்டு இடம் பிடிப்பவை இறுதிக்குப் போகும். நாம் ஜப்பானை 2-1 என்று வென்றோம். மலேசியாவோடு 3-3. மே 31ந் தேதி தென்கொரியாவோடு ஆட்டம். அன்றைக்கு முன்னதாக நடந்த ஆட்டத்தில் மலேசியா ஜப்பானை 5-0 என்று நொறுக்கிவிட்டது. ஆகவே கொரியாவை ஜெயித்தால் இறுதி, சமன் செய்தால் வீடு என்றாகிவிட்டது.

அந்த ஆட்டத்தை இந்த வாலிபர் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் ஒரே ஒரு செல்போனைச் சுற்றிப் பதினோரு பேரோடு பார்த்தாராம். வைகாசி வெயில். 1-1, 2-2, 3-2, 3-3 என்று ஆட்டம் ஏறி இறங்கியது. 37வது நிமிஷம் கோவில்பட்டி மாரீஸ்வரன் கோல் அடித்தார். 4-3! செல்போன் யாருடையது, யார் கையில் இருக்கிறது என்றே தெரியவில்லையாம். உள்ளே குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் என்னவோ ஏதோவென்று வெளியே ஓடி வந்தார்களாம். தீப்பெட்டி ஆபீசில் சத்தம் கேட்டால் அவர்களுக்கு வேறு பயம். விஷயம் தெரிந்ததும் அவர்களும் நின்று பார்த்தார்கள். நம் ஊர்ப் பையன் அடித்த கோலால் இந்தியா இறுதியாட்டத்தில் நிற்கிறது. அது ஏழு நிமிஷம் நீடித்தது. 44வது நிமிஷம் கொரியா பதில் கோல் போட்டது. 4-4. அதற்குப் பிறகு ஒரு கால் மணி நேரம் பந்து அங்கும் இங்கும் ஓடியதே தவிர கோலுக்குள் போகவில்லை.

இந்தியா, மலேசியா, கொரியா மூன்றுக்கும் ஐந்தைந்து புள்ளிகள். மூன்றுமே அந்தச் சுற்றில் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. மூன்றுமே ஜப்பானை ஜெயித்தன. மற்ற இரண்டோடும் சமன் செய்தன. பிறகு எதை வைத்துப் பிரிப்பது? அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழிக்கிறார்கள். மலேசியாவுக்கு ஐந்து மிச்சம். கொரியாவுக்கு இரண்டு மிச்சம். நமக்கு ஒன்று. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் நாம் வெளியே. "தோக்கவே இல்லையே அண்ணாச்சி, எப்படி வெளிய போனோம்?" என்று அந்த வாலிபர் இன்றைக்கும் கேட்கிறார். பயிர் இன்ஷூரன்ஸ் கணக்கு இப்படித்தான் இருக்கிறது என்று நாம் சொன்னோம். தன் காட்டில் ஒரு மணி விளையாதவனுக்கு, உன் பிர்க்காவின் சராசரி சரியாக இருக்கிறது, உனக்கு நஷ்டமே இல்லை என்று காகிதம் வருகிறதே! கோபமாக இருந்த விவசாயத் தோழர் முதன்முறையாகச் சிரித்தார்.

மறுநாள், ஜூன் 1ந் தேதி, அதே ஜப்பானை 1-0 என்று ஜெயித்து மூன்றாவது இடம் பெற்றோம். வாலிபர் அதைப் பார்க்கவில்லை. அவருடைய தாயார் நம்மிடம் சொன்னார்: "ரெண்டு நாளா வேலைக்கும் போகல, வாயும் தொறக்கல. காதல் தோல்வியாக்கும்னு நான் பயந்துட்டேன்."

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இந்தத் துக்கத்தின் பொருள் என்ன? அந்த வாலிபர் காலையிலிருந்து இரவு வரை செய்கிற வேலையில் அவருடைய பெயர் இல்லை. அவர் அடைக்கிற பெட்டியின் மேல் முதலாளியின் லேபிள் இருக்கிறது. 14 வருஷம் ஒரு ரூபாயில் நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பர் 1ந் தேதி இரண்டு ரூபாய் ஆனது. விலை இரண்டு மடங்கு ஏறியது போல் கூலியும் ஏறியதா என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். பத்திரிகைக்காரன் அவர் ஊரைத் தேடி வருவது தீ விபத்து நடந்தால்தான். அப்படிப்பட்டவர் ஏழு நிமிஷம், தன் ஊரில் தன்னோடு ஓடிய ஒரு பையனின் கை வழியாக, உலகத்தின் முன்னால் நிமிர்ந்து நின்றார். அது பறிபோனபோது அழுதார். இதை மயக்கம் என்று எப்படிச் சொல்வது? நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசை செத்துப்போனவனுக்கு இந்த அழுகையே வராது. கூலிக்கும் பயிருக்கும் அவர் இப்படிக் கலங்கவில்லை என்றால், அங்கேயும் ஜெயிக்க முடியும் என்ற நம்பிக்கையை நாம் அவருக்குக் கொடுக்கவில்லை என்றுதான் பொருள். குற்றம் ஹாக்கியின் மேல் அல்ல, தோழரே.

ஆனால் அந்த வாலிபரிடமும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. மே 31ந் தேதி ஒரு கோலில் நாம் போனது அவருக்கு மறக்கவில்லை. மே 26ந் தேதி ஒரு கோலில் யார் போனார்கள்? பாகிஸ்தான். இரு அணிக்கும் நான்கு நான்கு புள்ளிகள். பாகிஸ்தான் இந்தோனேஷியாவை 13-0 என்று ஜெயித்திருந்தது. ஜப்பானிடம் 2-3 என்றுதான் தோற்றிருந்தது. கழித்துப் பார்த்தால் அவர்களுக்கு மிச்சம் 12. நமக்கு 13. அந்த ஒரு கோலால் அவர்கள் ஆசியக் கோப்பையிலிருந்து மட்டுமல்ல, 2023 உலகக் கோப்பையிலிருந்தே வெளியேறினார்கள். உலகக் கோப்பையை நடத்துகிற நாடு என்பதால் நமக்கு ஏற்கெனவே இடம் இருந்தது. நான்கு முறை உலகக் கோப்பை வென்ற அணிக்கு அங்கே வாசல் அடைபட்டது.

பாகிஸ்தான் பஞ்சாபில் கோஜ்ரா என்று ஒரு ஊர். கோவில்பட்டி எப்படியோ அப்படித்தான் அதுவும். அந்தச் சின்ன ஊரிலிருந்து பல தேசிய ஆட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள். அது இருப்பது தோபா தேக் சிங் ஜில்லாவில். பழைய தோழர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும்; 1970 மார்ச் மாதம் மௌலானா பாஷானி கலந்துகொண்ட மாபெரும் விவசாயிகள் மாநாடு கூடியது தோபா தேக் சிங்கில்தான். அந்த ஊர்க் கடை வாசலிலும் மே 26ந் தேதி ஒரு செல்போனைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றிருக்க மாட்டார்களா? இந்தியா போடுகிற ஒவ்வொரு கோலையும் விரல் விட்டு எண்ணியிருக்க மாட்டார்களா? பதினைந்து விழுந்தபோது அங்கே ஒரு வீட்டில் சோறு இறங்காமல் போயிருக்காதா? இதை நாம் சொன்னபோது வாலிபர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு "நாங்க அன்னிக்கு வெடி போட்டோம் அண்ணாச்சி" என்றார். அதை ஒளிக்காமல் சொன்னதற்காக அவரை மெச்சுகிறோம்.

அந்த அணிகள் கையில் பிடிக்கிற மட்டைக்கே ஒரு கதை உண்டு. சியால்கோட்டில் விளையாட்டுச் சாமான்கள் செய்துகொண்டிருந்த கைவினைஞர்கள் 1947 பிரிவினையில் அகதிகளாக வந்து ஜலந்தரில் அதே தொழிலை ஊன்றினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே வேலை, ஒரே வகையான கை. இன்றோ, 2025ல் ராஜ்கிரில் நடந்த ஆசியக் கோப்பைக்கும் பாகிஸ்தான் அணி வரவில்லை, சென்னை-மதுரை ஜூனியர் உலகக் கோப்பைக்கும் வரவில்லை. மதுரை மைதானத்தில் அந்தப் பையன்கள் ஆடியிருந்தால் நம் ஜனங்கள் கை தட்டியிருப்பார்கள் என்றே நினைக்கிறோம். 1999ல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் கிரிக்கெட் அணி 12 ஓட்டத்தில் ஜெயித்தபோது, இதயம் உடைந்த கூட்டம் எழுந்து நின்று கை தட்டியதை உலகம் பார்த்ததே.

ஜகார்த்தா மைதானம் இருக்கிற விளையாட்டு வளாகம் சுகர்ணோ காலத்தில், 1962 ஆசிய விளையாட்டுக்காக, சோவியத் உதவியோடு கட்டப்பட்டது. மூன்று வருஷம் கழித்து அந்த நாட்டில் கம்யூனிஸ்டுகளை லட்சக்கணக்கில் கொன்று குவித்தார்கள். கட்டிடம் நிற்கிறது. இது விஷயத்துக்கு வெளியே என்றாலும் அந்த ஊரின் பெயரைச் சொல்லும்போது நமக்கு நினைவு வராமல் இருப்பதில்லை.

இனி, தோழர் பயப்பட வேண்டிய இடத்துக்கு வருவோம். தோல்வியின் துக்கம் எப்போது விஷமாகிறது? 2021 ஆகஸ்ட் 4ந் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கில் நமது பெண்கள் அணி அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோற்றது. அந்த அணியில் வந்தனா கட்டாரியா இருந்தார். நாலு நாளைக்கு முன்புதான் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்திருந்தார். ஒலிம்பிக்கில் அப்படி அடித்த முதல் இந்தியப் பெண் அவர். தோற்ற அன்று ஹரித்வாருக்குப் பக்கத்தில் அவருடைய வீட்டு வாசலில் சிலர் வெடி வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகம், அதனால்தான் தோற்றது என்று கூச்சல் போட்டார்கள். போலீசில் வழக்காகி, கைதுகளும் நடந்தன. அதே வருஷம் அக்டோபரில் கிரிக்கெட்டில் பாகிஸ்தானிடம் தோற்றபோது, முகமது ஷமியின் மதத்தைச் சொல்லி ஏசினார்கள். இவர்களுக்கு உடைய இதயமே கிடையாது. நாடு தோற்றதில் இவர்களுக்குத் துக்கம் இல்லை. ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணை, ஒரு முஸ்லிமை, ஏச ஒரு நாள் கிடைத்தது என்ற சந்தோஷம்தான். தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் அழுத வாலிபரையும் இவர்களையும் ஒரே 'ரசிகர்' என்ற சொல்லால் குறிப்பிடுவதே அநியாயம்.

நம் பகுதி இதில் சுத்தமானது என்று மார்தட்ட முடியுமா? முடியாது. தென் ஜில்லாக்களில் பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் எந்த நிறக் கயிறு என்று பார்த்துப் பழகுகிற கேவலம் இருக்கிறது. நாங்குநேரியில் 2023ல் நடந்த கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி 2024ல் அறிக்கை கொடுத்தது. மைதானம் சாதியை ஒழித்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. கபடிக்குக்கூட சாதிப் பெயரில் குழு அமைக்கிற ஊர்கள் இருக்கின்றன. ஆனால் ஹாக்கியில் ஒரு வசதி உண்டு. பந்தைத் தானே வைத்துக்கொண்டு எவனும் கோல் அடிக்க முடியாது. பக்கத்து ஆளுக்குத் தள்ளியே ஆக வேண்டும், அவன் எந்தத் தெருப் பையனாக இருந்தாலும் சரி. மாலையில் ஒரு மணி நேரமாவது நிறம் மறந்துபோகிறது. அந்த ஒரு மணி நேரம் நமக்கு வேண்டும்.

அதற்கு இடம் எங்கே என்பதுதான் கேள்வி. கரிசலில் ஹாக்கி ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். பந்து வெடிப்பில் விழுந்து முழங்காலுக்கு எகிறும். மழையில் மண் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. சரளை கொட்டி இறுக்கினால்தான் ஆட முடியும். பெரிய ஆட்டமோ செயற்கைப் புல்லுக்குப் போய்விட்டது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஆடினார்கள். அதுவரை ஏழு தங்கம் வென்றிருந்த இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. 1980ல் மாஸ்கோவில் நம் பாஸ்கரன் தலைமையில் ஒரு தங்கம் கிடைத்தது. பிறகு 41 வருஷம் ஒலிம்பிக்கில் பதக்கமே இல்லை. 2012ல் லண்டனில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. ஆடத் தெரியாமலா போயிற்று? கோடிக்கணக்கில் செலவழித்துத் தரை போடுகிறவன் ஆட்டம் என்று ஆன பிறகு, கட்டாந்தரையில் கற்றுக்கொண்டவன் பின்தங்கினான். வேறு காரணங்களும் உண்டு, சங்கங்களின் சண்டை உட்பட. ஆனால் தரைதான் பெரிய காரணம் என்பது நம் கருத்து.

கோவில்பட்டி கிருஷ்ணா நகரில் சர்க்கார் செயற்கைத் தரை மைதானம் போட்டது. வரவேற்கிறோம். அதன் பலனை மாரீஸ்வரனிடம் கண்ணால் பார்த்தோம். ஆட்டத்துக்கு முன் அந்தத் தரையை நனைக்க வேண்டும். "குடத்தோடு பெண்கள் நிற்கிற ஊரில் புல்லுக்குத் தண்ணீரா, அதுவும் பிளாஸ்டிக் புல்லுக்கு!" என்று சிலர் கேலி பேசுகிறார்கள். கேலி பேசுகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் மோட்டார் இருக்கிறது. குடமா மைதானமா என்று ஏழையை இரண்டில் ஒன்றைக் கேட்கச் சொல்வது மேட்டுக்குடியின் பழைய தந்திரம். இரண்டும் வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் கிராமம்தோறும் வர வேண்டும் என்று எத்தனை முறை மறியல் செய்தோமோ அத்தனை முறை மைதானத்துக்கும் செய்யலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நகரத்தில் ஒரு மைதானம் போதுமா? கழுகுமலையைச் சுற்றியுள்ள கிராமத்துப் பையன் பள்ளி விட்டு பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போய், ஆடி, கடைசி பஸ்ஸில் திரும்ப வேண்டும். பஸ் தவறினால் மறுநாள் ஆட்டமும் இல்லை, பள்ளியும் இல்லை. உலகக் கோப்பைக்குச் சென்னையிலும் மதுரையிலும் சர்க்கார் தாராளமாகச் செலவழித்தது. அதில் குற்றம் காணவில்லை. 2018 முதல் ஒடிசா சர்க்கார் பொதுப் பணத்தில் தேசிய அணியைத் தாங்கியது போல, விளையாட்டுக்குப் பொதுப் பணம் போவது சரியான காரியம். ஆனால் வெற்றி பெற்றவன் தோளில் கை போட்டுப் படம் எடுக்கிற மந்திரிகள், அவன் முதன்முதல் ஓடிய பொட்டல் இன்று யார் பெயரில் பட்டாவாகியிருக்கிறது என்றும் விசாரிக்க வேண்டாமா?

டீக்கடையிலிருந்து எழுந்தபோது அந்த வாலிபர் நம்மை நிறுத்தினார். தங்கள் கிராமத்தில் புறம்போக்கு இடம் ஒன்று இருக்கிறது, முள் அடைந்து கிடக்கிறது, அதை வெட்டிச் சரளை போட்டுத் தரும்படி மனு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அங்கேயே எழுதினோம். விவசாயத் தோழர்தான் முதல் கையெழுத்துப் போட்டார். போடும்போது, "அந்த ஏழு நிமிஷத்துக்குள்ளே இன்னொரு கோல் போட்டிருக்கலாமேய்யா" என்று முணுமுணுத்தார். மனுவைக் கொடுத்தாயிற்று. பதில் இன்னும் வரவில்லை. மட்டைகளையும் எடுத்துக்கொண்டு வாலிபர்கள் எல்லோருமாக ஒரு திங்கட்கிழமை நேரிலேயே போவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். நாமும் போகிறோம்.